ரோஷெல் யாருக்கு அம்மா

ஆஷ்க்ரோவிலிருந்து ஊர் திரும்பும் வழி முழுக்க ஸகியா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். காரை லவெல் ஓட்டினான். பைன் பிளஃப் எல்லைக்குள் நுழைந்தபோது, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

அந்த விருந்தில் டாக்டர் ஹேல் சொன்னது அவள் காதை விட்டுப் போகவில்லை.

ஆஷ்க்ரோவ் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களை மறுபடி ஒருமுறை வரவழைத்து, எங்களிடமே சேருங்கள் என்று உபசரிக்கும் விருந்து அது. நூற்றைம்பது பேரில் கறுப்புப் பிள்ளைகள் ஏழு பேர். புகைப்படக்காரர் அந்த ஏழு பேரையும் மேசைக்கு மேசை மாற்றி உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எந்தப் படத்திலும் ஒரு கறுப்பு முகமாவது தெரிய வேண்டுமாம். "நாம இன்னிக்கு எழுபது பேரு" என்று லவெல் அவள் காதில் சொன்னான். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் ஹேல் வந்தார். லவெலை நேர்முகத்தில் கேள்வி கேட்டவர் அவர். நல்ல மனுஷி. வெள்ளைக்காரம்மா. ஸகியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் பைன் பிளஃப்பா? அப்ப லவெலோட அம்மாவை உனக்குத் தெரிஞ்சிருக்கும். பாவம் இந்தப் பையன். நெஞ்சு வலியிலயும், ஆஸ்பத்திரியில மரியாதையா நடத்தணுமேன்னு, சர்ச்சுக்குப் போடற நீல உடுப்பைத் தேடிப் போட்டுக்கிட்டுப் போனாங்களாமே. அதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்கு நாலு நாள் தூக்கமே இல்லை."

லவெலின் அம்மா வெர்னிட்டா அந்த நேரத்தில் பைன் பிளஃப்பில், தான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவில், நோயாளிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு, திடமாக.

நீல உடுப்போடு போனவள் ரோஷெல். வெர்னிட்டாவின் தங்கை. ஸகியாவின் அம்மா. வெறும் பதற்றம்தான், உட்காருங்கள் என்று சொல்லி அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலியிலேயே அவள் உயிர் போனது. அன்று அந்த உடுப்பின் முதுகுப்புற ஜிப்பை இழுத்து மூடிவிட்டவள் பதினோரு வயது ஸகியா. அதை அவள் உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அவனைத் திரும்பிப் பார்த்தாள். லவெல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் இருவரும் என்ன உறவு என்று டாக்டர் ஹேல் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் லவெல் முந்திக்கொண்டான். "இவ என் பெரியம்மா பொண்ணு. பெரியம்மாதான் என்னை வளர்த்தாங்க."

செத்துப்போனவளைத் தனக்கு எடுத்துக்கொண்டு, உயிரோடு இருப்பவளை அவளுக்குக் கொடுத்துவிட்டான். எல்லாம் ஒரு மூச்சில்.

ஸகியா மேசையை விட்டு எழுந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு டாக்டர் ஹேலிடமிருந்து வந்த அழைப்புகளை அவள் எடுக்கவே இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. எந்தக் கல்லூரி என்பதை முடிவு செய்யக் கடைசி நாள் அதுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

லவெலுக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்குக் கிடைத்ததே ஆஷ்க்ரோவ் ஒன்றுதான். ஸகியாவுக்கு இரண்டு கதவுகள் திறந்திருந்தன. ஆஷ்க்ரோவில் படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. கண்ணாடிக் கட்டடம், பெரிய பெயர், எங்கே போனாலும் எடுபடும். இன்னொன்று டாலிவர். கறுப்பர்களை யாரும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் கறுப்பர்கள் தங்களுக்காகத் தொடங்கிய கல்லூரி. அங்கே அவள் போனபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. சுவரில் ஈரம் கசிந்திருந்தது. ஆனால் நேர்முகத்தில் அவளுடைய துயரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வறுத்த உருளைக்கிழங்கை விட முடியாத சர்க்கரை நோயாளியிடம் என்ன பேசுவாய் என்று கேட்டார்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று முதலில் விசாரிப்பேன் என்றாள் அவள். அதை வைத்து அங்கிருந்த மூன்று டாக்டர்களும் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்து, அவளை மறந்தே போனார்கள். வெளியே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

அப்படியிருந்தும், போன வாரம் வரை ஆஷ்க்ரோவ் என்றுதான் முடிவு செய்து வைத்திருந்தாள். லவெல் அங்கே தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக. ஏழு மாதம் மூத்தவன். இருட்டில் படுக்கப் பயப்படுகிறவன். அவளை விட்டு அவன் எந்தப் பள்ளிக்கும் தனியாகப் போனதில்லை.

காலையில் வெர்னிட்டா கதவைத் தட்டி, சர்ச்சுக்கு நேரமாகிறது, பாஸ்டர் இன்றைக்கு உங்கள் இரண்டு பேரையும் மேடைக்கு அழைக்கப்போகிறார், நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள் என்றாள். விருந்தில் நடந்ததை ஸகியா அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு அது தாங்காது என்று நினைத்தாள். தன் பிள்ளை தன்னைச் செத்துப்போனவளாக்கி இடம் வாங்கியிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது?

சர்ச்சில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வெர்னிட்டாவுக்கு அன்று வரவேற்கும் முறை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நடுவழியில் நின்றாள். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் இருவர் பெயரையும் சொன்னார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு டாக்டர்கள் என்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பியானோக்காரர் தன் பங்குக்கு ஒரு தட்டு தட்டினார்.

லவெல் நன்றாகப் பேசுவான். கடவுளுக்கு நன்றி சொன்னான், ஊருக்கு நன்றி சொன்னான். பிறகு கையுறையோடு நின்றவளைக் காட்டி, "எங்கம்மா இல்லாம நான் இல்ல" என்றான். கூட்டம் ஆமென் சொன்னது. "எங்க ரோஷெல் சித்தியும் இன்னிக்கு மேலேயிருந்து பார்த்துக்கிட்டிருப்பாங்க."

பக்கத்தில் நின்ற ஸகியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். இங்கே சித்தி. அங்கே அம்மா. நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

மைக்கை அவளிடம் நீட்டினார்கள். நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது என்று முன்வரிசைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

*

வீட்டுக்கு வந்ததும் வெர்னிட்டா கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டி வறுக்க ஆரம்பித்தாள். ஸகியா பின்பக்கத்துக்குப் போனாள். லவெல் அங்கே கழுத்து டையைத் தளர்த்திவிட்டுக் கார் மேல் சாய்ந்து நின்றிருந்தான். இந்த முறை அவள்தான் முதலில் பேசினாள்.

"எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கே?"

"அவங்ககிட்ட மட்டும்தான். அவங்க கமிட்டியில சொல்லியிருக்காங்க போல."

"போல."

"ஸகியா, நான் அதை யோசிச்சுப் பண்ணலை. மூணு காலேஜ் என்னை வேண்டாம்னுட்டாங்க. நாலாவதுல போய் உட்கார்றேன். அந்தம்மா கேக்கறாங்க, உன்னை இங்க கொண்டுவந்து சேர்த்த வலி எதுன்னு. என்கிட்ட என்ன இருக்கு? நல்ல மார்க் இருக்கு. நல்ல அம்மா இருக்காங்க. கூடைப்பந்து ஆடுவேன். கறுப்புப் பையனுக்கு அதெல்லாம் பத்தாதுடீ. அவங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, காத்துக்கிட்டிருக்காங்க. ரத்தத்தைக் காட்டுன்னு காத்துக்கிட்டிருக்காங்க."

"காட்டினே. என்னோடதை."

"நீ எங்கயும் சொல்லலையே." அவன் குரல் தாழ்ந்தது. "உன் பேட்டி எதுலயும் நீ சித்தியைப் பத்திப் பேசவே இல்லை. சும்மாதானே வச்சிருந்தே."

அவனும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே உணர்ந்திருக்க வேண்டும். கையை நீட்டினான். அவள் விலகிக்கொண்டாள்.

அவள் ஏன் சொல்லவில்லை? ரோஷெல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓட்டும்போது விசில் அடிப்பாள். வளைவுகளில் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்த வேண்டும், அது அவள் பேருந்தின் சட்டம். நாயைக் கண்டால் நடுங்குவாள். அப்படி ஒருத்தியை, அந்த நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்த ஒரு மணி நேரமாகச் சுருக்கி முன்பின் தெரியாதவர்களிடம் நீட்ட ஸகியாவுக்கு மனம் வரவில்லை. அதை அவள் யாருக்கும் விளக்கியதில்லை. லவெலுக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

"பெரியம்மாகிட்ட சொல்லப்போறேன்" என்றாள்.

அவன் பதறுவான் என்று எதிர்பார்த்தாள். காலைப் பிடித்துக் கெஞ்சுவான் என்றுகூட நினைத்தாள். அவன் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியை நகத்தால் சுரண்டினான்.

"சொல்லு" என்றான்.

அந்தச் சொல்லில் பயமே இல்லை. ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கால்கள் தாமாகச் சமையலறையை நோக்கி நடந்தன.

*

வெர்னிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் தெறிக்கிறது, தள்ளி நில் என்றாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுவிட்டு வெர்னிட்டா அடுப்பைக் குறைத்தாள். மறைக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. கேட்டால் சொல்லிவிடுவாள்.

"பேட்டிக்கு முந்தின நாள் அவன் போன் பண்ணி அழுதான். என்ன பேசறதுன்னே தெரியலைம்மான்னான். ரோஷெலைப் பத்திப் பேசுடான்னு நான்தான் சொன்னேன். சித்தின்னுதான் சொல்லச் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டு, வாய் தவறி அம்மான்னு வந்துடுச்சு, அந்தம்மா கண்கலங்கிட்டாங்க, மாத்திச் சொல்ல முடியலைன்னான். சரி விடுன்னேன்."

"சரி விடுன்னீங்க."

"யாரு இங்க வந்து பார்க்கப்போறாங்க, ஸகியா? எங்க யூனிட்டுக்கு வந்து பாரு. படுத்திருக்கிறதுல முக்கால்வாசி நம்ம ஆளுங்க. வர்ற டாக்டர்ல ஒருத்தர்கூட நம்ம ஆள் இல்லை. அவங்க பேரைக்கூடச் சரியா சொல்றதில்லை. அங்க ஒரு லவெல் போய் நிக்கணும்னு நான் நினைச்சது தப்பா? ரோஷெல் இருந்திருந்தா அவளே சொல்லியிருப்பா, என்னை வச்சு அந்தப் பையன் மேல வரட்டும்னு."

"அம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ என் தங்கச்சிடீ. பொறந்த அன்னிக்கு அவளைத் தூக்கினவ நான். ஆஸ்பத்திரியில அந்தத் துணியை அவ உடம்புலேர்ந்து கத்தரிச்சு எடுத்ததும் நான்தான். அந்தச் சாவு உனக்கு மட்டும் சொந்தமில்லை."

அழக்கூடாது என்று ஸகியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தங்கச்சியைக் கொடுங்க, பெரியம்மா. யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. நான் கேக்க மாட்டேன். என் அம்மாவை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

வெர்னிட்டா அடுப்பை அணைத்தாள்.

ஸகியா மேலே பேசியது உரத்த குரலில் இல்லை. எனக்கும் அதே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும் என்றாள். நான் அங்கே போனால் நாலு வருஷமும் என் அம்மாவை, லவெலோட அம்மா என்று சொல்ல வேண்டும். யாராவது கேட்டால் என் அம்மா ஊரில் மீன் வறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவளுடைய நினைவு நாளன்று அவனுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் யோசித்தீர்களா என்று கேட்டாள்.

யோசிக்கவில்லை என்று வெர்னிட்டா தலையை அசைத்தாள். பிறகு, "யோசிச்சேன்" என்றாள். "நீ பொறுத்துக்குவேன்னு நினைச்சேன். நீ எப்பவுமே பொறுத்துக்கிற பிள்ளை."

அதுதான் ஸகியாவை அடித்தது. லவெல் சொன்னதைவிட அது ஆழமாக இறங்கியது. அந்த வீட்டில் பெரிய அறை லவெலுக்கு, நாளைக்கு உனக்கு என்றபோது பொறுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் உடைத்ததற்குத் தான் திட்டு வாங்கியபோதும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். அதையெல்லாம் அன்பு என்று அவள் நினைத்திருந்தாள். இவர்கள் அதைத் தன் குணம் என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு திட்டமே போட்டிருக்கிறார்கள்.

மேசையில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். டாலிவர் என்ற பெயர் மேல் விரலை வைத்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். ஆஷ்க்ரோவை விட்டுவிடுகிறீர்களா என்று அடுத்துக் கேட்டது. அதற்கும் ஆமாம் என்றாள்.

வெர்னிட்டா பார்த்துக்கொண்டே நின்றாள். "அங்க ஃபீஸ் முழுக்க நீயே கட்டணும். படிச்சு முடிச்சும் வருஷக்கணக்கா அடைக்கணும்."

"அடைக்கிறேன்."

"அவன் அங்க தனியா கிடப்பான்."

"அவனுக்குத்தான் அங்க எல்லாரும் தெரிஞ்சவங்களாச்சே" என்றாள் ஸகியா.

*

சாப்பாட்டை யாரும் சரியாகத் தொடவில்லை. ஸகியா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெர்னிட்டாவின் போன் அடித்தது. ஆஷ்க்ரோவில் இரண்டு பிள்ளைகளும் வீட்டு எண்ணாக அவளுடையதைத்தான் கொடுத்திருந்தார்கள். மறுமுனைக் குரல் கேட்கவில்லை. ஆனால் வெர்னிட்டாவின் முதுகு நிமிர்ந்ததிலிருந்தே யார் என்று தெரிந்துவிட்டது.

"வணக்கம், டாக்டர்... ஆமாம், அவ வீட்டுலதான் இருக்கா. உடம்புக்கு ஒண்ணுமில்லை. அவ இடத்தை விட்டுட்டதை இப்பத்தான் பார்த்தீங்களா... எனக்கும் வருத்தம்தான்."

ஸகியா குழாயை மூடினாள். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் லவெல் வந்து நின்றான்.

"ஆமாம், லவெலை நான்தான் வளர்த்தேன்." வெர்னிட்டாவின் விரல்கள் மேசை விரிப்பைச் சுருட்டின. "ஆமாம்மா. அவன் என் தங்கச்சி பையன். ரொம்பச் சின்ன வயசுலயே... ஆமாம்."

வலைக்கதவுக்கு அப்பால் லவெல் அசையாமல் நின்றான்.

"ஸகியாவா?" வெர்னிட்டா திரும்பி அவளைப் பார்த்தாள். "அவ என் பொண்ணு."

தலையணை உறையில் துணிகளை அடைத்துக்கொண்டு ஸகியா அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, வெர்னிட்டா அவளை டீச்சரிடமும் சர்ச்சிலும் பக்கத்து வீட்டிலும் 'என் தங்கச்சி பொண்ணு' என்றுதான் சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில், ஒவ்வொரு முறை யாராவது கேட்கும்போதும், இந்த முறையாவது வேறு மாதிரி சொல்ல மாட்டாளா என்று ஸகியா பின்னால் நின்று காத்திருப்பாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டாள். இன்றைக்கு அந்தச் சொல் வந்தது. பொய்யாக, யாரோ ஒருத்தியிடம்.

கதவு கிறீச்சிட்டது. லவெல் உள்ளே வந்தான். விளையாட்டில் விழுந்து அடிபட்ட பிள்ளை முகம். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்ததுபோல இருந்தது.

"அம்மா" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சமையலறை சின்னது. வெர்னிட்டா போனைக் கையால் பொத்தினாள். அதற்குள் அது மறுமுனைக்குக் கேட்டுவிட்டது. மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். வெர்னிட்டா போனை ஸகியாவிடம் நீட்டினாள்.

ஸகியா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஸகியா? நல்லவேளை, நீயே வந்தே." டாக்டர் ஹேலின் குரலில் இன்னும் கரிசனம்தான் இருந்தது. கூடவே ஒரு குழப்பம். "இப்பக் கேட்டது லவெல் குரல்தானே? அவன் யாரை அம்மான்னு கூப்பிடறான்?"

வெர்னிட்டா கண்களை மூடிக்கொண்டாள். லவெல் மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்றேன், டாக்டர்" என்று ஸகியா ஆரம்பித்தாள்.